முன்பாரம் எவ்வளவு? டிரெய்லரைக் கையால் நகர்த்துவோர் கேள்விகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சாப்பாட்டுக் கடை டிரெய்லரோ, வெளியூர் போய்த் தங்கும் சின்ன கேரவனோ, இழுத்து வந்த வண்டியிலிருந்து கழற்றியதும் சந்துக்குள் கையால்தான் தள்ளியாக வேண்டும். அப்போது முன்பக்கத்தைத் தாங்குவது ஏர்க்காலில், அதாவது டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இழுசட்டத்தில், மாட்டிய ஜாக்கியும் அதன் அடியில் சுழலும் ஒற்றைச் சக்கரமும்தான். அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடைதான் முன்பாரம். ஓர் அச்சு, இரண்டு டயர், மொத்தம் 900 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லர்களை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அதற்கு மேல் எடை இருந்தால் கையால் தள்ளாதீர்கள்.

கேள்வி: அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை டிரெய்லர், சுமார் 600 கிலோ. வீட்டிலிருந்து தெருமுனைக்கு 150 மீட்டர். நானும் தம்பியும் தள்ளுகிறோம். சமதளத்தில் சுலபமாக ஓடுகிறது. ஆனால் பாதாளச் சாக்கடை மூடியின் விளிம்பில் முன்சக்கரம் முட்டினால் அப்படியே நின்றுவிடுகிறது. 6 அங்குல கெட்டி ரப்பர் சக்கரம். நாலு பேர் சேர்ந்தாலும் ஏறவில்லை. என்ன செய்வது?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் பலத்தில் குறையில்லை. சக்கரம்தான் சின்னது. காற்று சரியாக இருக்கும் டயர்களோடு, சமமான கான்கிரீட் ரோட்டில் 600 கிலோவை உருட்ட 10 முதல் 12 கிலோ தள்ளுவிசை போதும். அதனால்தான் சுலபமாக ஓடுகிறது. மேடு வந்ததும் கணக்கே வேறு.

முன்சக்கரத்தின் மேல் 70 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 அங்குல மேட்டில் 6 அங்குல சக்கரம் நேராக முட்டினால், அது ஏறுவதற்கு ஏறத்தாழ 78 கிலோ விசையோடு தள்ள வேண்டும். அதாவது அது சுமக்கும் பாரத்தையே தாண்டிவிடுகிறது. 8 அங்குலம் என்றால் 62 கிலோ. 10 அங்குலம் என்றால் 52 கிலோ. அந்த 10 அங்குல சக்கரம் காற்றடித்த டயராக இருந்தால் விளிம்பைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டு இன்னும் இலகுவாக ஏறும். ஆகவே ஜாக்கியின் உயரம் இடம் கொடுத்தால் 10 அங்குல காற்று டயருக்கு மாறுங்கள். பஞ்சர் தொல்லை வேண்டாம் என்றால் 8 அங்குலத்தில் அகலமான கெட்டி ரப்பர் நல்லது. மண்ணடி, பாரிமுனைக் கடைகளில் கேஸ்டர் சக்கரம் கேட்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்பதை மட்டும் கேட்டுவிட்டு வாங்கி வராதீர்கள். நின்ற நிலையில் தாங்கும் எடை வேறு, உருளும்போது தாங்கும் எடை வேறு. உருளும் எடை உங்கள் முன்பாரத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். தள்ளுவண்டிக் கடைகளுக்கு விற்கும் மெல்லிய தகட்டு ஃபோர்க் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) கொண்ட சக்கரம் இதற்கு ஆகாது. ஒரே மழைக்காலத்தில் கிங்பின், அதாவது சக்கரம் திசை திரும்பச் சுழலும் அச்சாணி, ஆட்டம் கொடுத்துவிடும்.

சக்கரம் மாற்றும்வரை ஒரு வழி. முன்சக்கரம் விளிம்பைத் தொடுவதற்கு ஓரடி முன்னால் வண்டியை நிறுத்துங்கள். ஒருவர் பின் பம்பரின் மேல் கைகளை ஊன்றி உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்தட்டும். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 30 கிலோ அழுத்தினால், அச்சுக்கு 2 மீட்டர் முன்னால் இருக்கும் சக்கரத்தில் 22 கிலோ குறையும். அந்த நொடியில் மற்றவர் தள்ளினால் ஏறிவிடும். பெரிய டயர்கள் அதே விளிம்புக்கு வரும்போது வண்டியைச் சற்றுச் சாய்வாகக் கொண்டு போங்கள். இரண்டு டயரும் ஒரே நேரத்தில் முட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறினால் ஒரு நேரத்தில் பாதி விசைதான் தேவை. ஒரு முனை சீவிய 2 அடிப் பலகை ஒன்றை வண்டியிலேயே தொங்க விடுங்கள். விளிம்புக்கும் ஆகும், மழைநீர் வடிகால் மூடிகளின் மேல் போகவும் ஆகும். சின்னச் சக்கரம் 70 கிலோவை உள்ளங்கை அளவு இடத்தில் இறக்குகிறது. விரிசல் விட்ட மூடியின் மேல் பலகை போடாமல் உருட்டவே கூடாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முட்டி நிற்கும்போது ஆட்களைக் கூட்டி மொத்தமாகத் தள்ளாதீர்கள். அந்த விசை முழுவதும் ஜாக்கிக் குழாயின் அடிமுனையில் போய் நிற்கிறது. குழாய் வளைவது அங்கேதான்.

கேள்வி: முன்பாரம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? பட்டறைக்காரர் கையால் தூக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்கிறார்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தூக்கிப் பார்ப்பது அளவாகாது. முதலில் மொத்த எடை தெரிய வேண்டும். மணலி, மாதவரம் பக்கம் கண்டெய்னர் லாரிகள் ஏறும் எடைமேடைகளில் டிரெய்லரை மட்டும் நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஏற்றிய நிலையிலேயே போங்கள்.

முன்பாரத்துக்கு எடைமேடை தேவையில்லை. வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷின் போதும். அது பெரும்பாலும் 120, 150 கிலோவோடு நின்றுவிடும் என்பதால் பலகை வைத்து அளப்பது பாதுகாப்பு. சமதளத்தில் டயர்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஒருபக்கம் செங்கல், மறுபக்கம் எடை மெஷின், இரண்டும் ஒரே உயரம். அவற்றின் மேல் நீளமான பலகை. பலகைக்கும் செங்கலுக்கும் நடுவில் ஒரு கம்பித் துண்டு, பலகைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு கம்பித் துண்டு. இரண்டு கம்பிகளுக்கும் இடையே சரியாக 3 அடி. செங்கல் பக்கத்துக் கம்பியிலிருந்து 1 அடியில் ஜாக்கியை இறக்குங்கள். சக்கரத்தோடு இறக்கினால் பலகையில் உருளும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குழாயின் அடியில் சின்ன மரத்துண்டு கொடுப்பது நல்லது. பாரம் ஏறுவதற்கு முன் மெஷின் காட்டும் எண்ணைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள். மெஷின் 24 காட்டினால் முன்பாரம் 72 கிலோ.

அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும்? இழுத்துக்கொண்டு ரோட்டில் ஓட மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைத்து வைப்பார்கள். 600 கிலோ டிரெய்லருக்கு 60 கிலோவுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். முன்பாரம் குறைந்து பின்பாரம் ஏறிய டிரெய்லர், வேகம் எடுக்கும்போது வால் ஆட்டும். அது இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டக்கூடியது. ஆனால் சந்துக்குள் கையால் தள்ளும்போது 60 கிலோ தேவையில்லை, 30 முதல் 40 போதும். ஆகவே ஒரே வண்டிக்கு இரண்டு நிலை இருக்க வேண்டும். ரோட்டுக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று. நகர்த்தக்கூடிய பொருளை வைத்து இதைச் சமாளிக்கலாம்.

அச்சிலிருந்து முன்சக்கரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் தண்ணீர் கேன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்தால் முன்சக்கரத்தில் 15 கிலோ ஏற்றும். அதே கேனை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் 10 கிலோ குறைக்கும். ஒரு கேனை இடம் மாற்றியதில் 25 கிலோ வித்தியாசம். தோசைக்கல்லும் அடுப்பும் சேர்ந்து 50 கிலோ, அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருந்தால் 30 கிலோ. 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும்படி பட்டறையில் தள்ளிப் பொருத்தினால் 10 கிலோதான். கனமான எதுவும் அச்சின் தலைக்கு மேலேயே இருக்கட்டும் என்று கட்டும்போதே சொல்லிவிட்டால் பிறகு இந்தப் பாடு இல்லை.

தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பித் தள்ளாதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பாதி நிரம்பிய தொட்டி அதைவிட மோசம், தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வண்டியை இழுக்கும். இடத்துக்குப் போய் நிரப்புங்கள். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நிமிர்ந்த நிலையில் தனியாக மீன்பாடி வண்டியில் அனுப்புவது எடைக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது. 19 கிலோ சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் கேஸின் எடை மட்டும். இரும்பின் எடை கைப்பிடி வளையத்தில் எழுதியிருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

முன்பாரத்தை 20 கிலோவுக்குக் கீழே விடாதீர்கள். பின்கதவைத் திறந்து ஒருவர் ஏறினால் போதும், முன்பக்கம் மேலே எழும்பி ஏர்க்கால் எதிரில் நிற்பவரின் தாடையில் அடிக்கும்.

கேள்வி: தெருவில் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வந்ததால் வீட்டை 2 அடி உயர்த்திக் கட்டினோம். டிரெய்லரை போர்டிகோவில் ஏற்ற 8 அடி நீளத்தில் சிமென்ட் சரிவு இருக்கிறது. ஏற்ற ஆறு பேர் வேண்டியிருக்கிறது. இறக்கும்போது பயமாக இருக்கிறது. எடை 600 கிலோ.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பயப்பட வேண்டிய இடம்தான். 8 அடிக்கு 2 அடி என்றால் நாலில் ஒன்று. அந்தச் சரிவில் 600 கிலோ டிரெய்லர் 145 கிலோ விசையோடு உங்களை நோக்கி இறங்கப் பார்க்கும். ஒரு ஆள் விடாமல் தள்ளக்கூடியது 20, 25 கிலோ. ஆறு பேரும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு தள்ளினால்தான் சமன். ஒருவருக்குக் கால் வழுக்கினால் மற்ற ஐந்து பேரால் நிறுத்த முடியாது.

சரிவை நீட்டுவதுதான் முதல் வேலை. 16 அடியாக்கினால் விசை 75 கிலோவாகும், 24 அடியாக்கினால் 50. தெருவில் நிரந்தரமாகக் கட்ட முடியாது என்பதால், தேவைப்படும்போது போட்டு எடுக்கும்படி செக்கர்டு பிளேட்டில் (வழுக்காமல் இருக்க மேடு வரி போட்ட தகடு) இரண்டு நீளத் தடங்கள் செய்து, மேல்முனையைப் போர்டிகோ விளிம்பில் கொக்கி போட்டு மாட்டுங்கள். கொக்கி இல்லாத தடம் டயர் ஏறியதும் பின்னால் உதைத்துக்கொண்டு போகும். முன்சக்கரம் நடுவில் போகுமே, அதற்கு மூன்றாவது தடம் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஆட்களுக்குப் பதில் கை வின்ச், அதாவது கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றால் இழுக்கும் உருளை. போர்டிகோவின் உள்பக்கம், தரையை ஒட்டி, கான்கிரீட்டில் ஊன்றிய இரும்பு வளையத்தில் அதைக் கட்டுங்கள். ஜன்னல் கம்பி, கேட் தூண், கிரில் எதிலும் கட்டாதீர்கள். 500 கிலோவுக்குக் குறையாத வின்ச், தானே பிரேக் பிடிக்கும் வகை. வெறும் பல்சக்கர வகையில் இறக்கும்போது பூட்டை விடுவித்த நொடியில் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். கயிறுக்கு இரும்பு ரோப் அல்லது பாலியஸ்டர் பட்டை. காசிமேட்டுப் படகுக் கடைகளில் கிடைக்கும் நைலான் கயிறு நீளும், அறுந்தால் சாட்டையாக வந்து அடிக்கும். கொக்கியை டிரெய்லரின் சட்டத்தில் மாட்டுங்கள், ஜாக்கிக் குழாயில் அல்ல.

இன்னொன்றும் தெரிய வேண்டும். மூக்கு மேலே பார்த்தபடி சரிவில் நிற்கும்போது எடை பின்பக்கம் சாயும். எடையின் மையம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நாலில் ஒன்று சரிவில் முன்சக்கரத்தின் பாரம் 60 கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். சமதளத்தில் 60 கிலோ முன்பாரம் இருந்த வண்டி அங்கே ஒன்றுமில்லாமல் நிற்கும், மூக்கு எழும்பும். ஆகவே போன கேள்விக்குச் சொன்னபடி முன்பாரத்தைக் குறைத்துவிட்டுச் சரிவில் ஏற்றாதீர்கள். சரிவுக்கு முழு முன்பாரம் வேண்டும், மேல் அலமாரியில் இருக்கும் கனம் எல்லாம் கீழே இறங்க வேண்டும்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஒரே ஒருவர், பக்கவாட்டில் நின்று, கயிறு கட்டிய ஆப்புக் கட்டையை டயரின் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரட்டும். கையை டயருக்குக் கிட்டே கொண்டுபோகாமல் இருக்கத்தான் அந்தக் கயிறு. கட்டைக்குப் பதில் செங்கல் வைக்காதீர்கள், பாரம் ஏறினால் நொறுங்கும். உருண்டைக் கருங்கல்லும் வேண்டாம், உருளும்.

கேள்வி: ஜாக்கியின் உள்குழாய் வளைந்துவிட்டது, கைப்பிடி சுற்ற மறுக்கிறது. சூடு காட்டி நிமிர்த்தலாமா? வெளிநாட்டுச் சாமான், இங்கே கிடைக்குமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: நிமிர்த்தாதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் திருகு உரசும், சூடு பட்ட இடம் மறுபடி அங்கேயே வளையும். முழு ஜாக்கியை மாற்றுங்கள். ஐரோப்பிய வகை ஜாக்கிகளின் வெளிக்குழாய் பெரும்பாலும் 48 மி.மீ., கனமானவை 60 மி.மீ. நம் ஊர் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. அதனால் குழாயை ஏர்க்காலோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் நன்றாக இருந்தால், நடுத்தர ரகப் பைப்பில், அதாவது 3.2 மி.மீ. தடிமனில், பட்டறையில் வெளிக்குழாய் செய்து பொருத்தலாம். சி வகுப்பு எனும் கனரகப் பைப் இன்னும் தடிமன், ஆனால் உள்விட்டம் சுருங்கி உள்குழாய் நுழையாது. அளந்து பார்த்து வாங்குங்கள்.

வளைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் உயரம். ஜாக்கியை மேலே ஏற்றி வைத்தபடியே தள்ளியிருப்பீர்கள். சட்டத்துக்குக் கீழே குழாய் 20 சென்டிமீட்டர் நீட்டியிருக்கும்போது வரும் வளைவு விசை, 40 சென்டிமீட்டர் நீட்டினால் இரண்டு மடங்கு. கழற்றி மாட்ட உயரம் வேண்டும், தள்ள உயரம் வேண்டாம். இழுக்கும் வண்டியோடு இணைத்த கொக்கியை விடுவித்ததும் ஏர்க்கால் தரைக்கு ஒன்றரைச் சாண் உயரத்தில் வரும்வரை இறக்கிவிட்டுத் தள்ளுங்கள்.

கிளாம்பையும் கவனியுங்கள். இறுக்கியபின் குழாயும் கிளாம்பும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். நாலு நாள் கழித்து அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் குழாய் நழுவுகிறது என்று அர்த்தம். கிளாம்பின் உள்ளே இருக்கும் பிடிப்புத் துண்டு தேய்ந்திருக்கும். இன்னும் இறுக்கினால் கைப்பிடிதான் உடையும்.

கேள்வி: முன்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னால் இழுத்தால் சக்கரம் சட்டென்று திரும்பிக் காலில் ஏறுகிறது.
– வாசகி, காலடிப்பேட்டை

பதில்: சுழலும் சக்கரம் எப்போதும் போகும் திசைக்குப் பின்னால் தங்க வேண்டும், அதற்குத்தான் அது கிங்பின்னிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. திசை மாறினால் அது அரைவட்டம் சுற்றித்தான் தீரும். அப்போது ஏர்க்கால் ஒரு பக்கம் வெட்டும். திசை மாற்றும் முன் வண்டியை முழுக்க நிறுத்தி, ஏர்க்காலைக் கையால் பக்கவாட்டில் ஒரு சாண் அசைத்தால் சக்கரம் தானே திரும்பிக்கொள்ளும். செருப்போடு தள்ளாதீர்கள். ஷூ வேண்டும்.

கேள்வி: எண்ணூர் கடற்கரை ஓரம் மணலில் 10 மீட்டர் உள்ளே நிறுத்த வேண்டும். முன்சக்கரம் புதைகிறது.
– வாசகர், எண்ணூர்

பதில்: காய்ந்த மணலில் உருட்ட, கான்கிரீட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் விசை கேட்கும். ஒற்றைச் சக்கரத்தை அதில் உருட்ட முயல வேண்டாம். அரை அங்குலத்துக்கு மேல் தடிமனான பிளைவுட், 4 அடி நீளம், மூன்று தடத்துக்கும் இரண்டிரண்டாக ஆறு துண்டு. கடந்து வந்ததை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். அடிக்கடி போகிற இடம் என்றால் ஜாக்கிச் சக்கரத்தை மறந்துவிட்டு, இரண்டு அகலமான காற்று டயரும் நீளக் கைப்பிடியும் கொண்ட தனிக் கைவண்டி ஒன்று செய்து, அதன் மேல் ஏர்க்காலைத் தாங்க வையுங்கள். பெரிய டயர்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணலில் மிதக்கும். ரோட்டுக்கு வந்ததும் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் மறுபடி அடித்தாக வேண்டும்.

கேள்வி: உப்புக் காற்றில் ஜாக்கி ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிடுகிறது. வெள்ளை வெளேர் என்று மின்னுவதைத்தான் வாங்கினேன்.
– வாசகர், காசிமேடு

பதில்: மின்னுவது எலெக்ட்ரோ பிளேட்டிங். அதில் துத்தநாகம் சில மைக்ரான்தான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் பூச்சு 50 மைக்ரானுக்கு மேல். கடலோரத்துக்கு அதுதான். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் திருகுக்கும் கிங்பின்னுக்கும் லித்தியம் கிரீஸ். உள்குழாயின் வெளிப்பக்கம் கிரீஸ் பூசாதீர்கள், மணல் ஒட்டி அரைக்கும். அங்கே எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: பழைய வெளிநாட்டுக் கேரவன் வாங்கினேன். பின்னால் தள்ளினால் பிரேக் பிடித்துக்கொள்கிறது. கை பிரேக்கை விட்டுத்தான் இருக்கிறேன்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: அது பழுதில்லை. இழுக்கும் வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் வந்து கொக்கித் தலையை அழுத்தும், அந்த அழுத்தத்திலேயே பிரேக் பிடிக்கும் அமைப்பு அது. நீங்கள் கொக்கித் தலையைப் பிடித்துத் தள்ளுவதால் உங்கள் கையும் அதையே செய்கிறது. கைகளை ஏர்க்காலின் இரும்புச் சட்டத்தில், கொக்கிக்குப் பின்னால் வைத்துத் தள்ளுங்கள். உடனே விடுபடும். கை பிரேக் இருப்பது உங்களுக்கு வசதிதான், ஆனால் கொக்கியைக் கழற்றும் முன் கட்டை வைப்பதை அதற்காக விட்டுவிடாதீர்கள்.